ஆடுகிற பெஞ்ச்

வீட்டில் ஒரு ஆணி அடிக்கவேண்டும் என்றால்கூட எதிர் ஃப்ளாட்காரரைக் கூப்பிட்டுத்தான் அடிப்பது என் வழக்கம். (ஆணியைத்தான்!) அப்படிப்பட்ட நான் சொந்தக் கையால் ஒரு பெஞ்ச் செய்தேன் என்றால் ஆபீசில் ஒருத்தனும் நம்பமாட்டேன் என்கிறான். சரி, ஆடுகிற பெஞ்ச்தான். அதற்காக பெஞ்ச் இல்லை என்றாகிவிடுமா?

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னந்தோப்பாகப் பார்த்து மிதித்துவிட்டுப் போனது. பேரே யானை. மிதிக்காமல் என்ன செய்யும்?

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். வீட்டுக் கொல்லை அரை ஏக்கர். அதில் 35 தென்னை. விழுந்தது 29. மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. குரோம்பேட்டையில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் லைன் கிடைத்தபோது அப்பா சொன்ன முதல் வார்த்தை:

"வரும்போது முக்கோண அரம் ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி. ரம்பம் மழுங்கிப் போச்சு."

பையில் அரத்தோடும், மனசில் ஒரு யோசனையோடும் பஸ் ஏறினேன். கொல்லையை விற்றுவிட்டு அப்பா அம்மாவை சென்னைக்கே கூட்டி வந்துவிடுவது என்பதுதான் யோசனை. அப்பாவுக்கு அப்போது 70. நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஆபீஸ் கால்குலேட்டரில் போட்டே பார்த்துவிட்டேன். 77. கணக்கு இடிக்கிறதே!

போய்ச் சேர்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன். "இனிமே எதுக்குப்பா இந்தக் கஷ்டம்..."

"விக்கிறது கெடக்கட்டும். மொதல்ல இதைப் புடி" என்று கையில் கடப்பாரையைக் கொடுத்தார். நான் விற்பது என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை!

விழுந்த மரத்தை என்ன செய்வது? அப்படியே போட்டுவிடலாமே என்றேன். அப்பா என்னை ஒன்றாம் வகுப்புப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போட்டா மக்கும். மக்குன மரத்துல காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். நிக்கிற ஆறு மரத்தோட குருத்தையும் அது கொடஞ்சு தின்னுரும். அப்புறம் ஓலை விரியறப்போ கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி இருக்கும், பாரு."

ஆகவே ரம்பத்துக்கு அரம் போட்டு, துண்டு போட ஆரம்பித்தோம். தென்னை மரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே சோறு மாதிரி மெத்தென்று இருக்கும். வெளிச்சுற்று இரும்பு. ஆப்பு வைத்து, சம்மட்டியால் அடித்து, நெடுக்காகப் பிளக்க வேண்டும். நேரான மரத்தையெல்லாம் மாட்டுக் கொட்டகைக்கு வரிச்சாக எடுத்துக்கொண்டோம். மிச்சத்தைக் கொளுத்தினோம். முதல் நாள் கையில் நாலு கொப்புளம். இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். 70 வயசுக்காரர் கையில் ஒன்றுகூட இல்லை.

கடைசி நாள் ஒரு நல்ல பலகை மிஞ்சியது. கொட்டகையில் அப்பாவின் தாத்தா காலத்து உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக மாட்டியிருக்கும். "ஏதாவது பண்ணிப் பாரேன்" என்றார். டேப் வைத்து நாலு காலும் சரியாகப் பதினெட்டு அங்குலம் அளந்துதான் அறுத்தேன். முடித்து நிறுத்தினால், டக்... டக்... என்று ஆடுகிறது!

அப்பா உட்கார்ந்து பார்த்தார். இப்படியும் அப்படியும் ஆடினார். "நல்லாத்தான் இருக்கு. ஒரு காலு நெட்டை. அடுத்த தடவை வரும்போது அறுத்துரு" என்றார்.

அடுத்த தடவை 2019 தை மாசம், கன்று வைக்க. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் குழி. குழிக்குக் குழி 25 அடி. நான் ஒரு குழி வெட்டுவதற்குள் அப்பா இரண்டு வெட்டி, வெற்றிலையும் போட்டாகிவிட்டது. அடியில் மணல், அதன்மேல் தொழு உரமும் மேல்மண்ணும். கன்றை வைத்துக் குழியை மூடப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா மூடாதே. கன்னு வளர வளரத்தான் மண்ணை இறக்கணும். ஒரே நாள்ல மூடிட்டா அது என்னத்தை வளரும்?"

அன்றைக்கு பெஞ்சின் நெட்டைக் காலை அறுத்தேன். எதிர்க்கால் தூக்கிக்கொண்டது. அதையும் அறுத்தேன். பக்கத்துக் கால் கோபித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

இப்படியே பொங்கல், சித்திரை, தீபாவளி என்று ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போவதும், காலை அறுப்பதும், பெஞ்ச் ஆடுவதும் வழக்கமாகிவிட்டது. நடுவில் வண்டு வந்தது. ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்து மண்பானையில் ஊற்றித் தோப்பில் வைத்தால், வாசனைக்கு வண்டு வந்து விழும். குருத்துக்குள் புகுந்ததைக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் பண்ணி, "இன்னிக்கு எத்தனைப்பா?" என்பேன். "ஏழு" என்பார். பக்கத்தில் என் மனைவி, "மாமாவுக்கு சுகரா, பிரஷரான்னு கேக்கறதை விட்டுட்டு வண்டு எத்தனைன்னு கேக்கறீங்களே!" என்பாள். ஏழு என்று சொல்கிற குரலிலேயே எனக்கு சுகர், பிரஷர் எல்லாம் தெரிந்துவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

விற்கிற பேச்சை எப்போது விட்டேன் என்று ஞாபகமில்லை. எடுத்தால் கையில் மண்வெட்டி வரும் என்ற பயமாகக்கூட இருக்கலாம்.

மரம் ஏறிக்கொண்டே போனது. பெஞ்ச் இறங்கிக்கொண்டே வந்தது. பதினெட்டு அங்குலம் பதின்மூன்று ஆகிவிட்டது. அம்மாதான் ஒரு நாள் போனில் அலுத்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டு ஊஞ்சலைச் சரி பண்றாரு, வண்டி நுகத்தடியைச் சரி பண்றாரு. இந்தப் பெஞ்ச் அவருக்கு அரை மணி வேலை. தொட மாட்டேங்குறாரே! முழங்கால் வலியோட அந்தக் குட்டைப் பெஞ்சிலதான் உக்காருவேன்னு அடம்."

போன தடவை புறப்படும் முன்னால், எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு காலத்தில் தச்சு வேலை பார்த்தவர். சிரித்துவிட்டார்.

"ஒவ்வொரு காலா அறுத்தா ஜென்மத்துக்கும் ஆடும் சார். சமமான தரையில வைங்க. குட்டைக் காலுக்கு அண்டை கொடுத்து மேல்பலகையை மட்டம் பண்ணுங்க. ஒரு சின்னக் கட்டையைத் தரையில வச்சு, அதுமேல பென்சிலைப் படுக்க வச்சு நாலு காலையும் சுத்திக் கோடு போடுங்க. கோட்டோட அறுத்தா தீந்துது. பத்து நிமிஷ வேலை. மூணு காலாப் போட்டிருந்தா இந்த வம்பே இல்லை, ஆடவே ஆடாது!"

பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கன்றுகளில் ஒன்று முதல் பாளை விட்டிருந்தது. 77 வயசு அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, டக் டக்கென்று ஆடியபடி, அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கணக்கு இடிக்கவில்லை. நான்தான் தப்பாகக் கூட்டியிருந்தேன்.

கொட்டகைக்குப் போய் ரம்பத்தை எடுத்தேன். பென்சிலை எடுக்கவில்லை. ஒரே ஒரு காலை மட்டும் கால் அங்குலம் அறுத்தேன்.

அப்பா உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆடுதே தம்பி."

"ஆமாப்பா. பொங்கலுக்கு வந்து பாக்கறேன்."

"பாரு, பாரு" என்றார். "இன்னும் ஒரு அடி இருக்கு."