"மிகை" என்போர் சைனாடவுனுக்கு வரட்டும்

மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்து விழுகின்றன. "எல்லாம் மிகை" என்பது ஒன்று. "நம்மவரிடம் இப்படியெல்லாம் கிடையாது" என்பது மற்றொன்று. இரண்டையும் மறுக்கிறேன்.

கதை இதுதான். அமெரிக்காவில் ஆட்சியைக் கைப்பற்றும் ஒரு கூட்டம் பெண்களின் வேலையையும் பணத்தையும் பறிக்கிறது. பெண்கள் படிப்பது குற்றமாகிறது. கருவுறத் தக்கவர்கள் அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர ஒதுக்கப்படுகின்றனர். கதை சொல்பவளுக்கு இட்ட பெயர் 'ஆஃப்ஃபிரெட்', அதாவது ஃபிரெட்டுக்கு உரியவள். வரலாற்றில் எங்கும் நடவாத எதையும் சேர்க்கவில்லை என்று ஆசிரியரே கூறியிருக்கிறார்.

மிகை என்போர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் வழிபட்டபின், சைனாடவுனின் பழைய கடைவீடுகளைச் சற்றே அண்ணாந்து பார்க்கட்டும். போருக்கு முந்திய சிங்கப்பூரில், சீனத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட சிறுமியர் வசதி படைத்தோர் வீடுகளில் கூலியின்றி உழைத்தனர். அவர்களை 'முய் சாய்' என்றழைத்தனர். கன்டோனிய மொழியில் 'சின்னத் தங்கை' என்று பொருளாம்! புதிதாகச் சிறுமியரை இவ்வாறு பெறுவதைத் தடுக்க 1932-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

"அது சீனர் கதை" என்று தப்பிக்க வேண்டா. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' நாவலை 1936-இல் தமிழில்தான் எழுதினார். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947-இல். 'தேவனுக்கு அடியவள்' என்பதும் இனிய பெயர்தானே? கொடுமைக்கு அழகான பெயர் சூட்டிவிட்டால் பக்கத்து வீட்டாருக்கும் அது உறுத்துவதில்லை.

"இப்போது இல்லையே" என்பீர்கள். தானாகவா மறைந்தது? சான் சோய் சியோங் போன்ற பெண்கள் போராடியதால் 1961-இல் மாதர் சாசனம் வந்தது. சட்டம் தந்ததைச் சட்டமே பறிக்கவும் முடியும். ஆப்கானிஸ்தானில் 2021-இல் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. 2022-இல் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. பட்டம் பெற்ற தாய்மாரின் மகள்கள் வீட்டில் முடங்கினர்.

என் வகுப்பில் பத்து வயதுச் சிறுமியர் பாடத்தை உரக்கப் படிக்கின்றனர். அது இயற்கையாக வாய்த்ததென்று அவர்கள் எண்ணலாம், நாம் எண்ணலாகாது.

நாவல் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏற்பேன். நடை சலிப்பூட்டுகிறது என்றாலும் ஏற்பேன். "நடக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.