சாதிக்கு எத்தனை மார்க்?

மருத்துவ உளவியலில் முதுநிலை ஆய்வேடு எழுதத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை சொல்லித் தரப்படுகிறது. தலைப்பு எடு, கைடைப் பிடி, சினாப்சிஸ் எழுது, அறநெறிக் குழுவில் அனுமதி வாங்கு, அளவுகோலைத் தேர்ந்தெடு, அப்புறம் ஆட்களைத் தேடிப் போ. இந்த வரிசையில் சாதி எங்கே வருகிறது? வரவே இல்லை. கேட்டால், "அது சோசியாலஜிம்மா, நம்ம சப்ஜெக்ட் இல்ல" என்று பதில் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு வந்த பதில் இது. துப்புரவுத் தொழிலாளர்களின் மனச்சோர்வைப் பற்றி எழுதப் போனவள் அவள். தலைப்பிலிருந்த 'சாதி'யை எடுத்துவிட்டு 'பணிச்சுமை' என்று போடச் சொன்னார்களாம். மலக்குழியில் இறங்குகிறவனுக்கு இருப்பது வெறும் பணிச்சுமை!

நான் வங்கிக் குமாஸ்தா. உளவியல் படித்தவனில்லை. ஆனால் படிவம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். படிவத்தில் கட்டம் இல்லாத விஷயம் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாதது நடக்கவே இல்லை என்றாகிவிடும். ஆய்வேட்டின் படிவத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

நகரத்துக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்கப் பரவலாகப் புழங்குவது குப்புசாமி அளவுகோல். படிப்பு, தொழில், வருமானம் மூன்றையும் கேட்கும். சாதியைக் கேட்காது. கிராமத்துக்கு உதய் பரீக்கும் திரிவேதியும் 1964 இல் செய்த அளவுகோல் இருக்கிறது. அதில் சாதி உண்டு. எப்படி? பட்டியல் சாதிக்கு 1 மார்க். ஆதிக்க சாதிக்கு 6 மார்க். ஒன்று நம்மைப் பார்க்காது. இன்னொன்று பார்த்த மாத்திரத்தில் மார்க் போட்டுக் கீழே உட்கார வைக்கும். ஊரில் இருப்பதைத்தானே எழுதினார்கள் என்பீர்கள். சரிதான். ஆனால் ஏணியில் படிகளை எண்ணுவது வேறு, கீழ்ப்படியில் நிற்பவன் தலையில் கால் வைத்திருப்பது யார் என்று கேட்பது வேறு.

மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9 இருக்கிறது. 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, உன்னைப் பற்றி நீயே மோசமாக நினைத்தாயா என்று கேட்கும். உன்னை மோசமாக நடத்தியது யார் என்று கேட்காது. அது அந்தக் கருவியின் வேலையில்லை என்றால், கூடவே அதைக் கேட்பது ஆய்வாளரின் வேலை. வாடகைக்கு வீடு கேட்டபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்களா? வயசில் பெரியவரை "டேய்" என்று கூப்பிட்டது யார்? தனி தம்ளர் இன்னும் இருக்கிறதா? இவையும் தூக்கத்தைக் கெடுக்கும், ஐயா.

ஆய்வேடுதானே, அலமாரியில் தூங்கப் போவதுதானே என்று நினைக்க வேண்டாம். மேமி ஃபிப்ஸ் கிளார்க் என்ற கறுப்பினப் பெண் 1939 இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் குழந்தைகளின் தன்னுணர்வு பற்றி முதுநிலை ஆய்வேடு எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவரும் கணவர் கென்னத்தும் செய்த பொம்மைச் சோதனை. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 இல் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத்தின் ஆய்வு ஏறியது. ஃபனான் கதை வேறு. 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்று 1952 இல் வந்த நூலை முதலில் லியோனில் தன் மருத்துவ ஆய்வேடாகத்தான் தர நினைத்தார். ஏற்கவில்லை. வேறொன்றை எழுதிக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, இதை நூலாக்கினார். கைடு மறுத்தார் என்று படிப்பைப் போட்டுவிட்டு வராதீர்கள். பட்டமும் நமக்கு வேண்டும், கேள்வியும் வேண்டும்.

ஒரு ஆபத்தும் இருக்கிறது. பொம்மைச் சோதனை கறுப்பு மனசைப் பழுதுபட்ட மனசாகக் காட்டிவிட்டது என்று பின்னால் விமர்சனம் வந்தது. 'தலித்துகளுக்குத் தன்மதிப்புக் குறைவு' என்று முடியும் ஆய்வேடு நமக்குத் தேவையில்லை. சாதி ஒரு மனநிலை என்று 1936 இல் அம்பேத்கர் எழுதினாரே, அது யாருடைய மனசு? சேரிக்குள் வராத அந்த மனசை, பெற்ற மகளையே வெட்டத் துணிகிற அந்த மனசை, ஏன் ஆய்வுக்கு எடுப்பதில்லை? உங்கள் மாதிரியில் ஊர்த்தெருவும் இருக்கட்டும். 6 மார்க் வாங்குகிறவரிடமும் கேள்வித்தாளை நீட்டுங்கள்.

ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா 2016 இல் செத்தார். வளாகத்தில் இப்படி ஒரு சாவு விழும்போதெல்லாம் கவுன்சிலிங் வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் யார்? இன்று ஆய்வேடு எழுதுகிற இதே மாணவர்தான். படிக்கும்போது கேட்கப் பழகாத கேள்வியை, எதிரே ஒரு பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் எப்படிக் கேட்பார்?

ஆகவே தோழர்களே, தயாரிப்பை நூலகத்தில் மட்டும் தொடங்காதீர்கள். "நெஞ்சு பாரமா கெடக்கு", "மனசே விட்டுப்போச்சு" என்று நம் சனங்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கும் முன் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்லுங்கள். முடிவு வந்ததும் அதே தெருவுக்குத் திரும்பிப் போய், உங்களிடம் கேட்டதை வைத்து இதைத்தான் எழுதினேன் என்று சொல்லுங்கள். கைடு போடும் மார்க்கு அதற்குப் பிறகு வரட்டும்.