அம்மானின் மொறிஸ் மைனர்

கடந்த பதினான்கு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ஒரு பழைய மோட்டார் வண்டியை வீட்டு முற்றத்தில் வைத்துப் புதுக்கி வருகிறோம் என்பதை நேயர் சிலர் எவ்வாறோ அறிந்துகொண்டனர். "பாடஞ் சொல்லும் கைகளிலே கிறீசு எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். "அதற்கொரு ஜப்பானிய இயந்திரத்தைப் பூட்டிவிட்டால் என்ன?" என்று மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். முதலாவது வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. இரண்டாவது எம்மையும் பல இரவுகள் உறங்கவிடாத வினா. ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

வண்டி எமது அம்மானுடையது. 1959 இல் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். வேலணையிலே கிடுகுக் கொட்டில் ஒன்றில் படங்கின் கீழ்ப் பல்லாண்டு கிடந்தது. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948 இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம் வரையில் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஆங்கிலப் படங்களில் புழுதி கிளப்பிப் பறக்கும் அமெரிக்க வண்டிகளை மாணவர்கள் கண்டிருப்பர். 1964 இல் வெளிவந்த பொன்ரியாக் ஜி.டி.ஓ. என்பதன் இயந்திரம் 325 குதிரை வலு உடையது. அம்மானின் வண்டிக்கோ 948 கன சென்ரிமீற்றர். 37 குதிரை வலு. இக்குதிரைகளும் முதிர்ந்த குதிரைகள். ஆயினும் அவை கடந்து வந்த பாதையை அந்த அமெரிக்கக் குதிரைகள் கண்டதில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. புதிய வண்டிகள் படுத்துவிட்டன, பழையன எழுந்தன. மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் சோமசெற்றும், கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடலாயின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரத்திலே அது பற்றாது. எனவே காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்கம் மிகுந்த புதிய இயந்திரங்களில் மண்ணெண்ணெய் உரிய முறையில் எரியாது வெடித்து இடிக்கும். அமுக்கம் குறைந்த பழையவை அதனை ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். பிரித்தானிய உழவரும் 1950களில் பேர்கசன் உழவு இயந்திரங்களை இம்முறையிலேயே, பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெய் வகையொன்றில், ஓட்டியவர்களே. அவர்களுக்கு அதற்கென அமைத்த இயந்திரங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தன. எம்மவர்க்குக் கிடைத்தவை ஒரு மருந்துப் போத்தலும் சேலைன் குழாயுமே.

அப்போது எமக்குப் பத்து வயது. தீவகத்தை விட்டுப் பெயர்ந்து கொக்குவிலில் இருந்தோம். அம்மான் அவ்வண்டியை வாடகைக்கு ஓட்டினார். இயந்திரப் பெட்டியின் பின்தகட்டிலே தகரப்பிடி ஒன்றில் அந்தப் போத்தல் செருகப்பட்டிருக்கும். அவர் கைப்பிடியைச் சுற்ற, குழாயின் உருளையை நெரித்துத் துளிகளைக் கணக்கிட்டு விடுவது எமது பணி. வெண்புகை எழும், கண் எரியும், தெருவெங்கும் அடுப்பங்கரை மணம். ஒரு துளி மிகுதியாய் விழுந்தால் அம்மான் எம்மைப் பார்க்கும் பார்வையை இன்றும் மறந்தோமில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் பெயர்ந்தபோது அவ்வண்டியும் பெயர்ந்தது. உள்ளே பாட்டியார், மூன்று பிள்ளைகள், ஓர் அரிசி மூடை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடப்போரின் வேகத்திலேயே வண்டியும் ஊர்ந்தது. போத்தலில் எஞ்சியிருந்த பெற்றோல் ஒரு விரற்கடை. நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப அதுவும் போதாது. ஆதலின் சாவகச்சேரி சேரும் வரையில், இரவு முழுவதும், அம்மான் இயந்திரத்தை அணைக்கவேயில்லை. றேடியேற்றர் கொதிக்கும் போதெல்லாம் வழியில் தேங்கிய மழைநீரை நாம் சிரட்டையால் அள்ளி வார்த்தோம்.

இனி முற்றத்துக்கு வருவோம். வண்டியைப் பிரித்தபோது கண்டவற்றை ஒளிக்காமற் சொல்வதாயின், அது வண்டியன்று, வண்டியின் வடிவில் நின்ற துரு. இவ்வகை வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். தீவின் உவர்க்காற்று அடித்தளத்தையும் வாயிலோரத் தகடுகளையும் தின்றிருந்தது. இயந்திரத்திலும் மண்ணெண்ணெய் தன் கையெழுத்தை விட்டிருந்தது. எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழிறங்கி, கீழ்த்தொட்டி எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். உருளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன.

தகடுகளுக்கு வழி கிடைத்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பாரும் தனபால சமரசேகர என்பாரும் சேர்ந்து 1990களில் தென்னிலங்கையில் இவ்வண்டிக்கான தகடுகளைக் கையாற் செய்யும் தொழிலகம் ஒன்றை நடத்தினர். இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்கு இலங்கையிலிருந்து தகடு ஏற்றுமதியான விந்தை அது. அத்தகு கைத்தொழில் இந்நாட்டில் அருகிப் போகவில்லை. எமது டிங்கர் தொழிலாளி காகித அட்டையில் அச்சு வெட்டி, சுத்தியலால் தட்டியே அடித்தளம் முழுவதையும் அமைத்துத் தந்தார்.

இயந்திரத்திலேதான் தடுமாறினோம். நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பலர் மொறிஸ் மைனருக்கு டட்சன் இயந்திரமும் ஐந்து வேகப் பற்சக்கரப் பெட்டியும் பூட்டுகின்றனர். வலுவும் கூடும், உதிரிப்பாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. ஓர் இயந்திரத்தைப் பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டோம். 2020 இல் வாகன இறக்குமதி தடைப்பட்டுப் பழைய பொருள்களுக்கெல்லாம் விலை ஏறியிருந்தமையால் அது சிறுதொகையன்று. அன்று மாலை அம்மான் வந்து கொட்டில் வாயிலில் நின்றார்.

"தம்பி, அப்ப பழைய எஞ்சினை என்ன செய்யப் போறாய்?"

"பழைய இரும்புக்குக் குடுக்கலாம், அம்மான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வார்த்து வைத்த தேநீரைக் குடியாமலே சென்றார். அவர் தேநீரை மறுத்ததை நாம் அதற்கு முன்னர் கண்டதில்லை.

முற்பணம் போயிற்று, பழைய இயந்திரம் நின்றது. இதனை வெறும் மனவிளக்கம் என்று மாணவர்கள் எண்ண வேண்டா. 37 குதிரை வலுவுக்கென அமைந்த பின்னச்சின் மீதும் தடுப்பு உருளைகளின் மீதும் இருமடங்கு வலுவைச் சுமத்துபவர் ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தையும் மாற்ற நேரும். உருளைகளுக்கு ஸ்லீவ் அடித்தோம். வால்வு இருக்கைகளையும் கடினமான உலோகத்தில் மாற்றினோம். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டமையால் பழைய இருக்கைகள் விரைவில் தேய்ந்துவிடும்.

பிறேக் விடயத்திலே பழைமைக்கு நாம் இடங்கொடுக்கவில்லை. இவ்வண்டியின் தலைமைச் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் இருக்கிறது. தாம்போதியில் தெறிக்கும் உப்புநீர் நேரே அதனைத் தாக்கும். அதனை இயந்திரப் பெட்டிக்குள் மேலே ஏற்றினோம். முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக் பூட்டினோம். இருக்கைப் பட்டிகளும் பொருத்தினோம். முன்சில்லைத் தாங்கும் கீழ்த்திருகுக்குக் கிறீசு அடிக்க மறந்தால் ஒருநாள் சில்லு மடிந்து வண்டி மண்டியிடும் என்பதை இவ்வண்டி வைத்திருப்போர் சுவரில் எழுதிவைத்தல் நன்று.

டைனமோவை மாற்றி ஓல்டனேற்றர் பூட்டிய கதையைச் சொல்ல நாணமாகவே உள்ளது. இப்பழைய வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். ஓல்டனேற்றருக்கு அது எதிர்முனையாதல் வேண்டும். பௌதிகப் பட்டதாரியாகிய நாம் அதனை மாற்றாமலே இணைத்தோம். புகை வந்தது. இரண்டாவது ஓல்டனேற்றர் நன்றாக வேலை செய்கிறது.

போத்தலின் தகரப்பிடியையும் வர்ணம் பூசும்போது கழற்ற எண்ணினோம். "அதிலை கை வைக்காதை" என்றார் அம்மான். இப்போது பளபளக்கும் பச்சைத் தகட்டில் அந்தத் துருப்பிடித்த பிடி அப்படியே இருக்கிறது. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாள்களில் அவர் அதனைக் கண்டு சிரித்தாராம். ஆனால் அவ்வேளை மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான்.

சென்ற ஞாயிறன்று முதன்முறையாகப் புறப்பட்டோம். வாணர் தாம்போதியைக் கடந்து, புங்குடுதீவினூடாகக் குறிகட்டுவான் துறை வரையில் வண்டி முறையிடாமல் ஓடியது. சாரதி இருக்கையில் எழுபத்தெட்டு வயது அம்மான். நயினாதீவிலிருந்து வரும் படகைப் பார்க்கவென நாம் இறங்கிச் சென்றோம். படகு வரச் சுணங்கிற்று. அரைமணி கழித்துத் திரும்பியபோதும் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. அம்மானின் கை திறப்பின் அருகே செல்லவேயில்லை. நிறுத்தும்படி நாமும் சொல்லவில்லை.

மழைத் துடைப்பான் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. மாரிக்கு முன்னர் அதனைப் பார்க்க வேண்டும்.