பச்சை நிறத்தை நம்பாதேங்கோ

போன எபிசோட்டில் ஆஸ்பத்திரிகளில் ஏஐ பற்றி நிறையக் கதைச்சம். நான் சொல்ல நினைச்ச விஷயம் நேரமில்லாமல் விடுபட்டுப் போச்சு: கை கழுவுறது. சிரிக்காதேங்கோ.

ஒன்ராறியோ ஆஸ்பத்திரிகள் 2009 முதல் தங்கட கை சுகாதார எண்ணிக்கையை வெளியிட்டு வருகின்றன. நோயாளியைத் தொட முன் எத்தனை வீதம், தொட்ட பின் எத்தனை வீதம். இதை எப்படி எடுக்கினம்? வோர்டில் ஒருத்தர் நின்று பார்த்துக் குறிப்பார், அவ்வளவுதான். சில வருஷத்துக்கு முன் ஓரிடத்தில் அப்படி வந்த தரவுக்கு நான் டாஷ்போர்ட் செய்து குடுத்தன். எல்லா வோர்டும் பச்சை. பெருமையா அம்மாவுக்குக் காட்டினன். அவ முதியோர் இல்லமொன்றில் பி.எஸ்.டபிள்யூ.

"ஓடிட் ஆக்கள் வந்தால் எங்களுக்குத் தெரியும்தானே தம்பி. அண்டைக்கு எல்லாரும் வடிவாக் கழுவுவினம்" என்று சொல்லிச் சிரிச்சா.

அவ சொன்னதை ரொறன்ரோ ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கினம். 2014இல் வெளிவந்த ஆய்வு அது. ஜெல், சோப் டிஸ்பென்சர்கள் எத்தனை தரம் பாவிக்கப்படுது என்பதைக் கருவியே எண்ணியது. ஓடிட்டர் கண்ணுக்குத் தெரியும் கொரிடோரில் பாவனை கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அப்ப நான் பச்சையில் கீறிக் காட்டினது கை சுத்தத்தை இல்லை, ஓடிட்டர் நின்ற நேரத்தை.

அப்ப எல்லா இடமும் சென்சர் பூட்டினால் சரியா? முழுக்க இல்லை. டிஸ்பென்சரை அமத்தினது நேர்ஸா, பார்க்க வந்த மாமாவா என்று அதுக்குத் தெரியாது. சி. டிஃபிசில் நோயாளியின் அறையில் ஜெல் உதவாது, அதன் வித்திகள் அற்ககோலுக்குச் சாகாது, சோப்பும் தண்ணியும் வேணும். ஜெல்லை மட்டும் எண்ணினால், அங்கே சரியாச் செய்யிற நேர்ஸ்தான் பூச்சியம் வாங்குவா.

இருந்தாலும் நான் சென்சர் பக்கம்தான். ஆனால் வோர்டுக்கு ஒரு எண்ணாக. என்னிடம் பிறகு கேட்டது வேற: கழுத்து பாட்ஜில் சிப் வைத்து, ஆள்வாரியா ரிப்போர்ட். கோட் எழுத ஒரு கிழமை போதும். நான் மாட்டன் என்றன். (கொன்ட்ராக்ட் நீடிக்கேல்லை, அது வேற கதை.) டிக்கெட் எண்ணிக்கையால் எங்களை அளந்தபோது நாங்கள் என்ன செய்தம்? ஒரு வேலையை மூன்று டிக்கெட்டாகப் பிரிச்சம். பேர் போட்டு அளந்தால் அவையும் கழுவாமலே டிஸ்பென்சரை அமத்துவினம். பிறகு அந்தத் தரவை வைத்து எந்தத் தொற்றையும் பிடிக்கேலாது.

2020இல் முதல் அலையில் கனடாவின் கொவிட் மரணங்களில் பெரும்பகுதி முதியோர் இல்லங்களில். அம்மா அப்பவும் வேலைக்குப் போனவ.

அந்த டாஷ்போர்டைப் பார்த்து அவ கேட்ட ஒரே கேள்வி, "இரவு ஷிப்டில எத்தனை பேருக்கு ஒரு ஆள் எண்டு இதில எங்க இருக்கு?" அப்படி ஒரு கொலம் என்ட டேட்டாபேஸில் இல்லவே இல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் யோசிக்கேல்லை.