பதினெட்டு முடிந்த பிள்ளைகள்

மனவளர்ச்சிக் குறையுள்ள பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்களுக்கு அவன் என்றும் குழந்தைதான்" என்கிறார்கள் நம் சங்கப் பெற்றோர். பாசம் சரி, சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 18 வயது நிறைந்ததும், பெற்றோரே இயற்கைக் காப்பாளர் என்ற நிலை முடிகிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுத்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். (கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள்.)

காகிதம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். ஊரில் என்றால் மாமா கடையில் உட்கார்ந்து பொட்டலமாவது கட்டுவான். இங்கே பள்ளிக்கூடம் முடிந்தால் நாலு சுவரும் டி.வி.யும்தான். பஸ் ஏறி இறங்கவும், சில்லறை எண்ணி வாங்கவும் 14, 15 வயதிலேயே பழக்க வேண்டாமா? சங்கமும் கைகொடுக்கலாம். வரும் பொங்கல் விருந்தில் இலை போடும் பொறுப்பை இப்பிள்ளைகளிடம் விடுங்கள். காபி வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்காமல், பிள்ளையிடமே கேளுங்கள்.