கிழவரை எதற்கு வாங்கினார்கள்?

2025 ஜூலையில் பிரான்சின் லீல் கால்பந்துக் கழகம் ஒலிவியே ஜிருவை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. (ஆங்கிலச் சேனல்காரர்கள் 'ஜிரூட்' என்று கடைசி எழுத்தையும் கடித்து உச்சரிக்கிறார்கள். பிரெஞ்சில் அந்த 'ட்' வாயிலேயே வராது. நான் படித்த படிப்புக்கு மரியாதையாக ஜிரு என்றே எழுதுகிறேன்.) அப்போது அவருக்கு வயது 38. செப்டம்பர் முடிந்தால் 39.

நம்மூரில் பிரெஞ்சுக் கால்பந்தைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. சொல்தா குடும்பங்கள் இருக்கின்றன, பாரிசில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போல் சும்மா இருப்பவர்களும் இருக்கிறோம். இந்தச் செய்தியைப் பற்றி இவர்களிடம் நான் கேட்டவை மூன்றே மூன்று. ஒன்று, ஓட முடியாத ஆளுக்கு எதற்குச் சம்பளம்? இரண்டு, ஒரு இளைஞனின் இடத்தை அடைத்துக்கொண்டாரே! மூன்று, இவர் எப்போதுதான் நல்ல ஆட்டக்காரராக இருந்தார்? மூன்றும் தவறு என்பது என் கட்சி. பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஜிரு பிறவி நட்சத்திரம் அல்ல. இஸ்த்ர் என்ற ஊருக்காக மூன்றாம் பிரிவில் ஆடினார், பிறகு தூர் நகரத்துக்காக இரண்டாம் பிரிவில் ஆடினார். நாட்டு அணியின் சட்டையை முதன்முதலில் அணிந்தபோது வயது 25. 2012-ல் மோன்பெலியே கழகம் வரலாற்றில் முதல் முறையாக பிரெஞ்சுச் சாம்பியன் ஆனபோது அவர் அடித்த கோல் 21. இருந்தும் சொந்த ரசிகர்களே அவரை மதித்ததில்லை. 2016 மே மாதம் நாந்த் நகரில் கேமரூனுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில், கோல் அடித்த பிறகும் பிரெஞ்சு ரசிகர்களே விசில் அடித்து அவரை அவமானப்படுத்தினார்கள். 2020-ல் கரீம் பென்சிமா தன்னை ஃபார்முலா ஒன் காராகவும் ஜிருவை கோ-கார்ட் வண்டியாகவும் ஒப்பிட்டுப் பேசினார். உலகமே ரசித்துச் சிரித்தது.

இந்த கோ-கார்ட் வண்டிதான் நாட்டுக்காக 137 ஆட்டங்களில் 57 கோல் போட்டது. 2022 டிசம்பரில் போலந்துக்கு எதிராக 52-வது கோல் அடித்து தியரி ஆன்ரியின் 51-ஐத் தாண்டியது. ஆனால் கோல் கணக்கை வைத்து வாதாட நான் வரவில்லை. அப்படி வாதாடினால் எதிர்க்கட்சிக்காரரின் அளவுகோலையே நானும் கையில் எடுத்ததாகும். ஜிரு விஷயத்தில் அந்த அளவுகோலே பிழை.

2018 உலகக் கோப்பையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நம்மூரில் ஜூலை 14 கொண்டாட்டம் முடிந்த மறுநாள் மாஸ்கோவில் இறுதி ஆட்டம். குரோவேஷியாவை 4-2 என்று வென்று பிரான்ஸ் கோப்பையைத் தூக்கியது. அந்தப் போட்டி முழுவதும் பிரான்சின் ஒன்பதாம் எண் சட்டை ஜிருவினுடையது. அவர் அடித்த கோல் எத்தனை? பூஜ்யம். கோலை நோக்கிச் சரியாகப் போன அடி ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லித்தான் இன்றும் கேலி செய்கிறார்கள்.

அந்தக் கேலிக்காரர்கள் முதல் ஆட்டத்தை மறந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பயிற்சியாளர் தெஷான் முதலில் ஜிருவை வெளியே உட்காரவைத்துவிட்டு கிரீஸ்மான், எம்பாப்பே, தெம்பெலே என்று மூன்று வேகக்காரர்களைத்தான் முன்னே நிறுத்தினார். மூவரும் ஓடினார்கள், பந்துதான் நிற்கவில்லை. நீளமாக அனுப்பிய பந்தெல்லாம் திரும்பி வந்தது. 1-1 என்று ஆட்டம் திணறியபோது, 70-வது நிமிடத்தில் ஜிருவை இறக்கினார். பத்து நிமிடம் கழித்து போக்பா பந்தை ஜிருவுக்குத் தட்டிவிட்டு ஓடினார். ஜிரு ஒரே தொடுதலில் அதைப் போக்பாவின் காலடிக்கே திருப்பிவிட்டார். போக்பா அடித்த பந்து எதிரணி வீரர் மேல் பட்டு வளைந்து உள்ளே விழுந்தது. கணக்கில் அது ஆஸ்திரேலியரின் சேம்சைடு கோல். ஜிருவின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆனால் அடுத்த ஆட்டத்திலிருந்து கோப்பை வரை தெஷான் அவரை முதல் பதினொருவரிலிருந்து எடுக்கவே இல்லை.

பிரெஞ்சு வர்ணனையாளர்கள் இந்த வகை ஆட்டக்காரரை 'பிவோ' என்பார்கள். பிவோ என்றால் அச்சு, சுழல்வதற்கு ஆதாரமான முளை. எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். நடுத்தடுப்பில் இருக்கும் இரண்டு பேரும் இவரை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் தலையால் முட்டி கோலாக்கிவிடுவார். அவர்கள் இவரோடு ஒட்டிக்கொண்டால் இரு பக்கமும் பின்னாலும் இடம் திறக்கும். அந்த இடத்தில்தான் எம்பாப்பேக்கள் ஓடுகிறார்கள். தன் பக்கம் நெருக்கடி என்றால் கோல் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கலாம், பந்தை மார்பில் வாங்கி நிறுத்த முன்னே ஒருவர் இருக்கிறார். அவர் அதைப் பத்து விநாடி வைத்துக்கொண்டால் போதும், பின்னால் இருக்கும் நால்வரும் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வருவார்கள்.

பந்தை வாங்கி ஒரே தொடுதலில் ஓடி வருபவனிடம் கொடுப்பதற்கு பிரெஞ்சில் 'ரெமீஸ்' என்று பெயர். கடிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பதற்கும் அதே சொல்தான். இது எனக்குப் பிடித்த பொருத்தம், ஏனென்றால் நான் அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வரும் தபாலை வாங்குவது, பழைய கோப்பைத் தேடி எடுப்பது, குறிப்பு எழுதுவது, யார் மேசையில் வைத்தால் காரியம் நடக்குமோ அங்கே வைப்பது, இதுதான் எங்கள் வேலை. கையெழுத்து அதிகாரியுடையது. நாளிதழில் வரும் பெயரும் அவருடையது. வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கிற பெரிய மனிதர்களைத்தான் படம் பிடிப்பார்கள். அச்சாணியைப் படம் பிடித்து நான் பார்த்ததில்லை.

இப்போது முதல் கேள்வி. ஓட முடியாத ஆளுக்கு எதற்குச் சம்பளம்?

இதற்குப் பதில் மிலான் நகரத்தில் இருக்கிறது. 2019 டிசம்பர் 22 அன்று ஏ.சி. மிலான் அத்தலாந்தாவிடம் 5-0 என்று உதை வாங்கியது. ஒரு காலத்தில் ஐரோப்பாவையே ஆண்ட கழகம் அது. இளைஞர்கள் நிறைய இருந்தார்கள், பந்தை முன்னே வாங்கி நிறுத்தத்தான் ஆள் இல்லை. அடுத்த சில நாட்களில் 38 வயதான ஸ்லாத்தான் இப்ராஹிமோவிச்சைக் கூட்டிவந்தார்கள். அன்றும் இதே சிரிப்புதான். மீதிப் பருவத்தில் 18 லீக் ஆட்டங்களில் 10 கோல் அடித்தார். மறு ஆண்டு மிலான் இரண்டாம் இடம்.

அவருக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. 2021-ல் மிலான் என்ன செய்தது? ஒரு இளைஞனைத் தேடிப் போனதா? இல்லை. 34 வயது ஜிருவை செல்சியிலிருந்து வாங்கியது. அவருக்கு இடது பக்கத்தில் ரஃபாயேல் லெயாவ் என்ற போர்த்துக்கீசிய இளைஞன், வயது 22, காற்றைப் போல் ஓடுவான். 2022 பிப்ரவரியில் இன்டருக்கு எதிராக 1-0 என்று பின்தங்கியிருந்தபோது ஜிரு நான்கே நிமிட இடைவெளிக்குள் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பினார். மார்ச்சில் நாப்போலியை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று வென்றதும் அவர் கோலால்தான். மே 22, கடைசி ஆட்டம், சஸ்ஸுவோலோவுக்கு எதிராக 3-0. இரண்டு கோல் ஜிரு. மூன்றையும் எடுத்துக்கொடுத்தவன் லெயாவ். பதினொரு ஆண்டுக்குப் பின் மிலான் இத்தாலியின் சாம்பியன். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது லெயாவுக்குக் கிடைத்தது.

இதிலேயே இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. கிழவர் இளைஞனின் இடத்தை அடைத்தாரா, இளைஞனுக்கு இடம் உண்டாக்கினாரா? பக்கத்தில் ஓடுகிற பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அவன் தட்டிவிடும் பந்துக்கு ஒரு விலாசம் வேண்டும். அருகிலுள்ள கம்பத்தை நோக்கி எப்போது இரண்டடி முன்னே வர வேண்டும் என்பது கால் பலத்தால் தெரிவதில்லை. அது பல நூறு ஆட்டங்கள் ஆடித் தெரிவது. ஓட்டம் குறையக் குறைய, எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு கூர்மையாகிறது. ஐம்பது மீட்டர் ஓடுகிறவனைவிட, ஓட வேண்டிய அவசியமில்லாத இடத்தில் முன்கூட்டியே நிற்கிறவனால் லாபம் உண்டு.

எதிர்க்கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? 2022 இறுதி ஆட்டத்தைக் காட்டுவார். அர்ஜென்டினாவிடம் 2-0 என்று பின்தங்கியபோது, இடைவேளைகூட வரவில்லை, 41-வது நிமிடத்தில் தெஷான் ஜிருவை வெளியே எடுத்தார். பிறகு வேகமான இளைஞர்கள்தான் ஆட்டத்தை 3-3 வரை கொண்டுபோனார்கள். உண்மை, மறுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிசில் ஆடிய காலத்தில் அவர் அடித்த கோல்கள் மிகக் குறைவு. அதையும் மறுக்கவில்லை. வயது ஒரு தகுதி என்று நான் எங்கே சொன்னேன்? பக்கத்தில் ஓடுபவர்கள் இல்லையென்றால் பிவோ வெறும் கம்பம்தான். பந்தே வராத ஆட்டத்தில் அவரால் ஆவது ஒன்றுமில்லை. எப்போது இறக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று அறிந்த பயிற்சியாளர் வேண்டும். ஆனால் ஒரு நாள் எடுத்துவிட்டார்கள் என்பதால், இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் 78-வது நிமிடத்தில் 36 வயதில் தலையால் முட்டி அவர்தான் வெற்றி கோலைப் போட்டார் என்பது இல்லாமல் போகுமா?

இவ்வளவு கால்பந்து எதற்கு என்று கேட்கலாம். நம் அலுவலகங்களைப் பார்த்த வயிற்றெரிச்சல்தான். ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். பிரெஞ்சுக்காலத்து நிலப் பத்திரங்களைப் படிக்கத் தெரிந்த மூத்த எழுத்தர் ஒருவர் அங்கே இருந்தார். நொத்தேர் கையெழுத்தைப் பார்த்த உடனே எந்த ஆண்டுக் கட்டில் இதன் மூலம் இருக்கும் என்று சொல்லிவிடுவார். கணினியில் கை ஓடாது, அதனால் எல்லோருக்கும் கேலி. ஓய்வு பெற்ற அன்று மாலையோடு அனுப்பினார்கள், அவர் தெரிந்துவைத்ததை எழுதி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தட்டச்சில் அவருக்குப் பத்து மடங்கு வேகம். ஆனால் பழைய பத்திரம் ஒன்று வந்தால், 'விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. சொத்துப் பாகத்துக்காக அலைந்த ஒரு விதவை அம்மாள் அந்தப் படிக்கட்டில் எத்தனை மாதம் ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஓடுவதற்கு அவர்கள் தயார். தபாலை வாங்கி நிறுத்திக் கொடுக்க முன்னே ஆள் இல்லை.

ஓய்வு வயதை உயர்த்து என்று நான் கேட்கவில்லை. அது நிஜமாகவே இளைஞன் வயிற்றில் அடிப்பது. வேலையில்லாத பேரன்கள் என் வீட்டிலும் இருக்கிறார்கள். நான் கேட்பது லீல் செய்ததை. நிரந்தரப் பதவி வேண்டாம், பதவி உயர்வு வேண்டாம், அறைக்கு ஏ.சி.யும் வேண்டாம். ஓராண்டு ஒப்பந்தம், நாளுக்கு மூன்று மணி நேரம், பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞன். ஆண்டு முடிவில் அந்த இளைஞனுக்கு வேலை பழகிவிட்டால் கிழவருக்கு நன்றி சொல்லி அனுப்பலாம். பழகாவிட்டால் இருவரையும் கேள்வி கேட்கலாம். செலவு ஒன்றும் பெரிதல்ல, கிழவர்களுக்கு ஓய்வூதியம் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஜிருவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். தங்கள் பாட்டனார் வீட்டுப் பத்திரம் பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்து, அதன் மூலம் எங்கே என்று தெரியாமல் அலைகிற நாளில், எந்த வயதுக்காரரின் கதவைத் தட்டுவார்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ளட்டும்.