சோர்வுக்கு ஒரு ஜெல்

நாற்பத்தைந்து வயது ஆண் எப்போதும் களைப்பாக இருக்கிறார் என்றால் என்ன காரணம் இருக்கும்? தூக்கமின்மை, தொப்பை, சர்க்கரை, வேலைக் கவலை... எத்தனையோ. அமெரிக்காவில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டார்கள்: 'லோ டி'. டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்குச் செல்லப்பெயர்!

தோளில் தடவும் ஆண்ட்ரோஜெல் 2000-இல் அங்கே அனுமதி பெற்றது. மருந்து கம்பெனிகள் மக்களிடம் நேரடியாக விளம்பரம் செய்யலாம் என்பதால், கேள்வித்தாள்களும் கூடவே வந்தன. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தூக்கம் வருகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. யாருக்குத்தான் வராது? தேவை இருந்தால் பொருள் வரும் என்பது வணிகவியல் பாடம். இங்கே பொருள் வந்தபின் தேவை வந்தது.

மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. விரைகளோ பிட்யூட்டரியோ பழுதானவர்களுக்கு அது அவசியம். வெட்கப்பட்டு மருத்துவரிடமே போகாதவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் ரத்தத்தைச் சோதிக்காமல் ஜெல் எதற்கு? வெவ்வேறு இரண்டு நாட்கள், காலை வேளையில் எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்கிறார்கள் அமெரிக்க சிறுநீரக மருத்துவ சங்கத்தினர். வெறும் வயதுக்காக இந்த மருந்துகள் அனுமதிக்கப்படவில்லை என்று 2015-இல் எஃப்.டி.ஏ.வும் எச்சரித்தது.

பெரிய அபாயம் வேறு. ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். விந்தணுவும் குறையும், சிலருக்கு அறவே நின்றுவிடும். நாற்பது வயதில் மணம் முடித்து, குழந்தைக்காகக் காத்திருப்பவரிடம் இதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்?